'பெர்சுவேட் பண்ணினேன், ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை': இந்த வாக்கியம் ஆங்கிலத்தில் ஏன் நிற்பதில்லை?

தறிநூல்:
எல்லோருக்கும் வணக்கம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் கடிதங்களையும் அறிக்கைகளையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. இலக்கணப் பிழை என்றால் திருத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் இரண்டு இடங்களில், திருத்திய பிறகும் 'ஏன் மாற்றினீர்கள்?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சரியாக விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, 'ஐ பெர்சுவேடட் ஹிம் டு ஸ்டே, பட் ஹி ரெஃப்யூஸ்ட்' போன்ற வாக்கியங்கள். 'பெர்சுவேட்' இருக்கும் இடத்தில் 'கன்வின்ஸ்' வந்தாலும் இதே கதைதான். இன்னொன்று, சொந்தக் கருத்தைச் சொல்லும் இடம். 'அக்கார்டிங் டு மீ', 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ ஆம் கன்சர்ன்ட்', 'இன் மை பெர்சனல் ஒப்பீனியன்', 'ஐ ஃபீல்' எல்லாம் ஒரே பொருள் என்று நினைத்து, கையில் கிடைத்ததை எடுத்துப் போடுகிறார்கள். அன்றாட ஆங்கிலம் பேசுகிறவர் காதில் இவை எப்படி விழும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
முதல் கேள்விக்கு நான் வருகிறேன். 'பெர்சுவேட்' என்ற வினைக்குள்ளேயே முடிவும் சேர்ந்திருக்கிறது. நான் பேசினேன், அவர் மனம் மாறினார் என்று இரண்டும் நடந்தால்தான் அந்தச் சொல். பேசியது மட்டும் நடந்திருந்தால் 'டிரைட் டு பெர்சுவேட்' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் 'அர்ஜ்ட்', 'அட்வைஸ்ட்', 'பிளீடட் வித்' என்று சொல்லை மாற்ற வேண்டும். இவற்றில் கேட்டவர் என்ன செய்தார் என்ற செய்தி கிடையாது. 'ஐ அர்ஜ்ட் ஹிம் டு ஸ்டே, பட் ஹி ரெஃப்யூஸ்ட்' என்றால் யாருக்கும் உறுத்தாது.

ஜே. எல். ஆஸ்டின் என்ற மெய்யியலாளர் 1955இல் ஹார்வர்டில் நடத்திய சொற்பொழிவுகளில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். சொல்லும்போதே நடந்து முடிகிற செயல்கள் ஒரு வகை, சொன்னதன் விளைவாகக் கேட்பவரிடம் நடக்கிற செயல்கள் இன்னொரு வகை. 'உங்களை எச்சரிக்கிறேன்' என்று சொன்னால், சொன்ன அந்த நொடியே எச்சரிக்கை நடந்துவிட்டது. 'உங்களை நம்ப வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் மட்டும் நீங்கள் நம்பிவிட மாட்டீர்கள். அது உங்கள் பக்கத்தில் நடக்க வேண்டியது.

தமிழிலும் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. 'எடுத்துச் சொன்னேன்', 'வற்புறுத்தினேன்', 'கெஞ்சிப் பார்த்தேன்' எதிலும் முடிவு இல்லை. 'சம்மதிக்க வைத்தேன்', 'இணங்க வைத்தேன்' என்றால் முடிந்தது. அந்த 'வை' வந்தாலே காரியம் ஆனதாகத்தான் பொருள். சிக்கல் 'கன்வின்ஸ் பண்ணினேன்' என்ற பேச்சு வழக்கில் இருக்கிறது. 'ரெண்டு மணி நேரம் கன்வின்ஸ் பண்ணினேன், அசையவே இல்லை' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அங்கே 'கன்வின்ஸ்' என்பது 'எடுத்துச் சொல்' என்ற பொருளில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. தமிழுக்குள் அது சரிதான். அதே பொருளோடு ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும்போதுதான் வாக்கியம் உடைகிறது.

மணற்கேணி:
கடலோடி ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். முடிவு என்பது மனம் மாறுவது வரைக்கும்தான், செயல் வரைக்கும் அல்ல. 'ஷி பெர்சுவேடட் மீ டு ஸ்டே, பட் தென் மை ஃபிளைட் வாஸ் மூவ்ட் அப்' என்று எழுதலாம். இருக்கச் சம்மதித்தேன், பிறகு வேறு காரணத்தால் கிளம்பிவிட்டேன் என்று அதற்குப் பொருள். முரண்பாடு இல்லை. 'ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால்தான் இடிக்கிறது. சம்மதித்தவரே அதே மூச்சில் மறுத்தவராகவும் இருக்க முடியாதே.

இதைத் திருத்தும்போது கவனிக்க வேண்டும். 'பெர்சுவேட்' வந்து, காரியம் நடக்கவில்லை என்றதும் உடனே 'டிரைட் டு' சேர்த்துவிட்டால், சில இடங்களில் எழுதியவர் சொல்ல வந்ததே மாறிவிடும். நடுவில் ஒரு சம்மதம் இருந்ததா என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

கடலோடி:
ரொம்பச் சரி. 'டிட்ன்ட்' போட்டு எழுதும்போதும் இதே எல்லைதான். 'ஐ டிட்ன்ட் பெர்சுவேட் ஹிம்' என்றால், முயன்றும் முடியவில்லை என்றும் இருக்கலாம், நான் பேசவே இல்லை என்றும் இருக்கலாம். 'குட்ன்ட் பெர்சுவேட்' என்று எழுதினால் முயற்சி நடந்தது தெரிந்துவிடும்.

அந்திவானம்:
'பெர்சுவேட்', 'கன்வின்ஸ்' இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை இன்னும் யாரும் தொடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய நடைக் கையேடுகளில் ஒரு விதி உண்டு. 'கன்வின்ஸ்' அறிவுக்கு, 'பெர்சுவேட்' செயலுக்கு. ஒன்று உண்மை என்று ஒருவரை ஏற்கச் செய்தால் 'கன்வின்ஸ்'. அதனால் அதன் பின்னால் 'ஆஃப்' அல்லது 'தட்' வரும். ஒன்றைச் செய்யச் சம்மதிக்க வைத்தால் 'பெர்சுவேட்', பின்னால் 'டு' வரும். 'கன்வின்ஸ்ட் ஹிம் டு கோ' என்று எழுதுவது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் பரவலானது. அப்போது அதைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு நல்ல பத்திரிகைகளிலும் அது வருகிறது, அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. தறிநூல், 'கன்வின்ஸ் டு' பார்த்தால் அதைப் பிழை என்று அடிக்காதீர்கள்.

ஆனாலும் பழைய விதிக்குள் ஒரு நல்ல கூர்மை இருக்கிறது. அறுவைச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் படங்களைக் காட்டி விளக்குகிறார். நோயாளிக்கு ஐயம் எல்லாம் தீர்ந்துவிட்டது. 'ஹி இஸ் கன்வின்ஸ்ட்.' ஆனாலும் பயத்தில் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். பிறகு அவருடைய தம்பி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே இருப்பேன் என்று சொல்லி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வைக்கிறார். தம்பி செய்ததுதான் 'பெர்சுவேட்'. அவர் புதிதாக ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. இப்படி இரண்டையும் ஒரே பத்தியில் எழுத வேண்டி வந்தால், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு அந்த வேறுபாட்டை இழந்துவிடக் கூடாது.

வேர்களிலும் இதே சாயல் இருக்கிறது. 'கன்வின்ஸ்' லத்தீனில் வெல்லுதல் என்ற பொருளுள்ள 'வின்செரே'யிலிருந்து வந்தது. 'கன்விக்ட்' என்ற சொல்லும் அதன் உடன்பிறப்புதான். அதனால்தான் 'கன்விக்ஷன்' என்பதற்கு அசையாத நம்பிக்கை, குற்றவாளி என்ற தீர்ப்பு என இன்றும் இரண்டு பொருள். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் 'கன்வின்ஸ்' என்றாலும் வாதத்தில் ஒருவரைத் தோற்கடிப்பது, குற்றத்தை மெய்ப்பிப்பது என்றுதான் பொருள். 'பெர்சுவேட்' வந்தது அறிவுறுத்தல், தூண்டுதல் என்ற பொருளுள்ள 'சுவாதேரே'யிலிருந்து. 'ஸ்வீட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் தொலைதூர உறவு உண்டு. ஒன்றில் வெற்றி, மற்றதில் இனிமை.

நீலத்தாமரை:
அந்திவானம் அக்கா, அருமை. அன்றாடப் பேச்சில் 'பெர்சுவேட்' என்ற சொல்லே குறைவாகத்தான் வரும் என்பதையும் சேர்க்க வேண்டும். வீட்டிலும் நண்பர்களிடமும் 'டாக் சம்ஒன் இன்டு' என்பார்கள். அதில் லேசான வருத்தமோ குறையோ கலந்திருக்கும். 'ஹி டாக்ட் மீ இன்டு பையிங் இட்' என்றால், தானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று சொல்கிறார். 'டாக் சம்ஒன் அவுட் ஆஃப்' என்றால் ஒன்றைச் செய்யாமல் தடுத்து மனதை மாற்றியது.

'கோக்ஸ்' எனக்குப் பிடித்த சொல். பொறுமையாக, மெதுவாக, அதட்டாமல் இணங்க வைப்பது. பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பூனையை வெளியே வரவைப்பது, வாய் திறக்காத சாட்சியைப் பேச வைப்பது, கிளம்ப மறுக்கும் பழைய இன்ஜினைக் கிளப்புவது எல்லாம் 'கோக்ஸ்'தான். 'கஜோல்' என்றால் புகழ்ச்சியும் வாக்குறுதியும் கலந்திருக்கும். 'வீடில்' என்றால் தன் ஆதாயத்துக்காகக் குழைந்து குழைந்து காரியம் சாதிப்பது, அதைப் பாராட்டாக யாரும் சொல்வதில்லை. 'பிரிங் ரவுண்ட்' என்றால் எதிர்ப்பக்கம் இருந்தவரை நாளாவட்டத்தில் நம் பக்கம் திருப்புவது, அமெரிக்கர்கள் 'பிரிங் அரவுண்ட்' என்பார்கள். 'பிரவுபீட்' என்றால் மிரட்டிப் பணிய வைப்பது. அதை 'பெர்சுவேட்' என்று எழுதினால் நடந்ததை மூடி மறைத்ததாகிவிடும்.

'அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினோம்' என்று தமிழில் இருந்தால் அதையும் 'பெர்சுவேட்' ஆக்கிவிடுகிறார்கள். பல நேரம் அது கோபத்தைத் தணித்தது மட்டும்தான். அதற்கு 'பேசிஃபை', 'காம் டவுன்' போன்றவை பொருந்தும்.

தறிநூல்:
இத்தனை விளக்கமா என்று மலைப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கேள்விக்கும் யாராவது வாருங்கள். 'அக்கார்டிங் டு மீ'தான் வரைவுகளில் அதிகமாக வருகிறது.

மணற்கேணி:
'அக்கார்டிங் டு' என்பது செய்தி எங்கிருந்து வந்தது என்று காட்டுகிற தொடர். அறிக்கையின்படி, அமைச்சரின் கூற்றுப்படி, கடிகாரத்தின்படி என்று பேசுகிறவருக்கு வெளியே ஒரு இடத்தைக் காட்டும். அதில் கொஞ்சம் விலகலும் உண்டு. 'அக்கார்டிங் டு ஹிம், இட்ஸ் ஃபினிஷ்ட்' என்று சொல்பவர், முடிந்ததற்குத் தான் பொறுப்பேற்கவில்லை. அதனால் 'அக்கார்டிங் டு மீ' என்று எழுதினால், நம் கருத்தையே வெளியே நின்று மேற்கோள் காட்டுகிற மாதிரி ஆகிறது. 'என் கருத்துப்படி' என்பதில் உள்ள 'படி'தான் அங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைக்கிறேன். சாதாரணமாக 'ஐ திங்க்' போதும். கொஞ்சம் எடுப்பாக வேண்டுமென்றால் 'இன் மை வியூ', 'டு மை மைண்ட்'.

'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ ஆம் கன்சர்ன்ட்' வேறு வகை. 'என்னைப் பொறுத்தவரை' என்பதற்கு நேராக இதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். தமிழில் அது பணிவான தொடக்கம். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம் என்று இடம் விட்டுத்தான் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கதவைச் சாத்துகிற தொடர். 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ ஆம் கன்சர்ன்ட், தி மேட்டர் இஸ் குளோஸ்ட்' என்ற வாக்கியத்தில் அதன் குணம் நன்றாகத் தெரியும். யார் என்ன சொன்னாலும் எனக்கு இதுதான் முடிவு என்ற தொனி. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் பணிவு என்று நினைத்து இதைப் போட்டால் அவருக்குத் துடுக்காகப் படும்.

அந்திவானம்:
'ஐ திங்க்' பற்றி இன்னும் சொல்ல வேண்டும், பார்க்க எளிமையாக இருந்தாலும் நுட்பமானது. பேச்சில் எங்கே அழுத்தம் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். 'திங்க்' மேல் அழுத்தம் கொடுத்து 'ஐ *திங்க்* ஹி இஸ் அட் ஹோம்' என்றால் உறுதியில்லை. வாக்கியக் கடைசியில் 'ஹி இஸ் அட் ஹோம், ஐ திங்க்' என்று ஒட்டினாலும் ஐயம்தான். அழுத்தமில்லாமல் 'ஐ திங்க் வி ஷுட் வெயிட்' என்றால் அங்கே ஐயம் எதுவும் இல்லை, என் நிலைப்பாடு இது என்று மரியாதையாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

எதிர்மறையும் கவனிக்க வேண்டியது. நாம் 'அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்' என்போம். ஆங்கிலத்தில் இயல்பாக வருவது 'ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்'. 'இல்லை' முன்னால் போய் 'திங்க்' மேல் உட்கார்ந்துகொள்கிறது. 'ஐ திங்க் ஹி வில் நாட் கம்' பிழை இல்லை, ஆனால் தேவைக்கு மேல் கறாராக ஒலிக்கும். ஆங்கிலத்தின் அமைப்பை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தாலும் இடிக்கும். 'அவர் வருவார் என்று நினைக்கவில்லை' என்றால், அவர் வந்துவிட்டார், நான் எதிர்பார்க்கவில்லை என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஐ சப்போஸ்' அரை மனது, 'ஐ சப்போஸ் யூ ஆர் ரைட்' என்பது வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்வது. 'ஐ ரெக்கன்' பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பேச்சு வழக்கு. 'ஐ கெஸ்' அமெரிக்கப் பழக்கம். 'ஐ ஃபீல்' கேட்பவர் மனதைப் புண்படுத்தாமல் சொல்ல உதவும், ஆனால் கணக்கோ தரவோ உள்ள அறிக்கையில் அது வாதத்தைத் தளர்த்திவிடும்.

புதுவெள்ளம்:
இவ்வளவு யோசிக்க வேண்டுமா? எங்கள் குழுவில் எல்லோரும் 'இன் மை ஒப்பீனியன்' என்று போட்டுவிடுகிறோம். யாரும் கேள்வி கேட்க முடியாது, சட்டப்படியும் பாதுகாப்பு.

கடலோடி:
தம்பி, அந்த நம்பிக்கை ஆபத்தானது. 'ஒப்பீனியன்' என்பது வேறுபட்டு நினைக்க இடமிருக்கும் இடத்துக்கு உரியது. 'இன் மை ஒப்பீனியன், கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது' என்றால் அது கருத்தாகிவிடாது. நடந்ததா இல்லையா என்று நாட்குறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். நினைவில் முழு உறுதி இல்லை என்றால் அதற்கு 'ஐ பிலீவ்' இருக்கிறது. 'ஐ பிலீவ் இட் வாஸ் ஆன் டியூஸ்டே' என்பது, எனக்குத் தெரிந்தவரை அப்படித்தான், சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளைத் தரும்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990இல் மில்கோவிச் வழக்கில் இதையேதான் எடுத்துக்கொண்டது. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பள்ளி மல்யுத்தப் பயிற்சியாளர் உறுதிமொழி எடுத்துவிட்டுப் பொய் சொன்னார் என்று தோன்றும்படி ஒரு செய்தித்தாள் பத்தி எழுதியது. அது வெறும் கருத்து என்று செய்தித்தாள் தரப்பு வாதிட்டது. 'என் கருத்தில் இவர் பொய்யர்' என்று சொன்னாலும், அவர் பொய் சொன்னார் என்ற உண்மைச் செய்தி அதற்குள் ஒளிந்திருக்கலாம், முன்னால் ஒரு தொடரைச் சேர்ப்பதால் மட்டும் அது மறைந்துவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்து, வேல்ஸில் 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் நேர்மையான கருத்துக்குப் பாதுகாப்பு தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. சொன்னது கருத்தாக இருக்க வேண்டும், எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பது பொதுவாகவாவது தெரிய வேண்டும், அந்தக் காலத்தில் இருந்த உண்மைகளை வைத்து நேர்மையான ஒருவர் அப்படி நினைத்திருக்க முடியும் என்றும் இருக்க வேண்டும்.

புதுவெள்ளம்:
சரி அண்ணா, அது நியாயம்தான். அப்படியானால் நீதிமன்றத் தீர்ப்பையே 'ஒப்பீனியன்' என்கிறார்களே, அது எப்படி? அதை யாரும் தனிப்பட்ட கருத்து என்று ஒதுக்க முடியாதே.

கடலோடி:
நல்ல கேள்வி. தீர்ப்புக்கான காரணங்களை நீதிபதி எழுதித் தருவதுதான் அங்கே 'ஒப்பீனியன்'. பெரும்பான்மை நீதிபதிகள் எழுதியது கட்டுப்படுத்தும், மாறுபட்ட நீதிபதி எழுதிய 'டிசென்டிங் ஒப்பீனியன்' கட்டுப்படுத்தாது. மருத்துவத்தில் 'செகண்ட் ஒப்பீனியன்' என்பதும் இந்த வகைதான். இன்னொரு வல்லுநர் சோதித்துப் பார்த்துச் சொல்லும் முடிவு அது. எனக்குப் பிடிக்கும், பிடிக்காது என்பது போன்ற கருத்து அல்ல.

நாம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு சொற்களும் சட்டத்தில் ஒன்றாகச் சேரும் இடமும் உண்டு. வேறு நாட்டு நீதிமன்றத்தின் 'ஒப்பீனியன்' இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் காரணங்கள் வலுவாக இருந்தால் நீதிபதி ஏற்றுக்கொள்ளலாம். அதை 'பெர்சுவேசிவ் அதாரிட்டி' என்பார்கள். மதிப்பளிக்கலாம், ஆனால் பணிய வேண்டிய கட்டாயம் இல்லை.

நீலத்தாமரை:
'மை பெர்சனல் ஒப்பீனியன்' பற்றி. கருத்து என்றாலே தனிப்பட்டதுதான், 'பெர்சனல்' எதற்கு என்று சில ஆசிரியர்கள் வெட்டிவிடுவார்கள். எல்லா இடத்திலும் வெட்ட வேண்டாம் என்பேன். பதவியில் இருப்பவர் பேசும்போது அது தேவை. நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் 'தட்ஸ் மை பெர்சனல் ஒப்பீனியன்' என்றால், இது நிறுவனத்தின் நிலைப்பாடு அல்ல என்று பிரித்துக் காட்டுகிறார். பதவி எதுவும் இல்லாதவர் எழுதும்போது வெறும் 'ஐ திங்க்' போதும்.

'பெர்சுவேஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் ஒரு திருப்பம் உண்டு. 'பீப்பிள் ஆஃப் ஆல் பொலிட்டிக்கல் பெர்சுவேஷன்ஸ்' என்றால் யாரும் யாரையும் இணங்க வைக்கவில்லை. எல்லா அரசியல் நம்பிக்கை கொண்டவர்களும் என்று பொருள். அங்கே அது ஒருவர் ஏற்கெனவே மனதில் கொண்டிருக்கும் நம்பிக்கை. 1611இல் வந்த ஆங்கில பைபிளிலும் 'ஐ ஆம் பெர்சுவேடட்' என்பது 'எனக்கு உறுதியாகத் தெரியும்' என்ற பொருளில் வருகிறது. மதம், அரசியல் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்கள் இதை 'வற்புறுத்தல்' என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிநூல்:
இது எனக்குப் புதிது, நீலத்தாமரை. இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். கூட்டங்களில் ஆங்கிலேயர்கள் 'ஐ ஆம் நாட் கன்வின்ஸ்ட்' என்கிறார்கள். அதை 'எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்று குறிப்பெடுக்கிறார்கள் நம் ஆட்கள். அது மறுப்பா, ஐயமா?

மணற்கேணி:
பெரும்பாலும் மறுப்புதான், மென்மையாகச் சொன்ன மறுப்பு. 'நீங்கள் சொல்வது தவறு' என்பதற்குப் பதிலாக, 'நீங்கள் காட்டியது எனக்குப் போதவில்லை' என்று சொல்கிறார். குறையைப் பேசியவர் மேல் வைக்காமல், காரணங்களின் மேல் வைக்கிறார். 'நாட் என்டயர்லி கன்வின்ஸ்ட்' என்று 'என்டயர்லி' சேர்ந்தாலும் மறுப்பு பாதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மரியாதைக்காகச் சேர்ப்பது.

குறிப்பில் 'ஏற்கவில்லை, கூடுதல் ஆதாரம் எதிர்பார்க்கிறார்' என்று எழுதலாம். கூட்டத்தில் இருப்பவர் அந்த இடத்திலேயே 'வாட் வுட் கன்வின்ஸ் யூ?' என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது. செலவுதான் தடை, காலக்கெடுதான் தடை என்று குறிப்பாகப் பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம். 'லெட்ஸ் மூவ் ஆன்' என்று வந்தால் அந்தத் தலைப்பு அன்றைக்கு முடிந்தது.